கொள்ளைநோயும் பொறுமையும்: இஸ்லாமிய ஆறுதல் மரபு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

சமய நம்பிக்கை துன்புற்றோருக்கு ஆறுதல் அளிக்கின்றது என்பது நம்பிக்கையாளரும் விமர்சகரும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் கூற்றாகும். முன்னவர் அதனைப் போற்றுவர். பின்னவர் அதனையே குற்றமாகக் காட்டுவர். ஆயினும் இருசாராரும் தம்மை அறியாமலே ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆறுதல் என்பது தனிமனித உள்ளத்தில் நிகழும் ஒன்று, பொறுமை என்பது விதியின் முன் வாளாவிருத்தல் என்பதே அவ்வெடுகோள். 1844ஆம் ஆண்டில் கார்ள் மார்க்ஸ் சமயத்தைப் பற்றி எழுதியவற்றுள் அபினியுடன் ஒப்பிட்ட பகுதியை மாத்திரம் நினைவிற்கொள்வோர் பலர். சமயத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான மறுப்பாகவும் அமைகின்றது என்று அவர் அதே இடத்திற் கூறியதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இவ்வெடுகோள் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குப் பொருத்தமான காலப்பகுதியாகப் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகள் அமைகின்றன. 1347ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தை அடைந்த கொள்ளைநோய், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டில் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் தோன்றியது. அக்காலத்து அரபு மொழி அறிஞர் பலர் நோயைப் பற்றியும், தம் சொந்தப் பிள்ளைகளின் இறப்பைப் பற்றியும், பொறுமையைப் பற்றியும் எழுதி வைத்தனர். நம்பிக்கையும் தொழுகையும் பேரிழப்பின்போது எவ்வாறு செயற்பட்டன என்பதை அவ்வெழுத்துகள் அண்மையில் நின்று காட்டுகின்றன.

2

முதற்கண் 'சப்ர்' என்னும் சொல்லை நோக்குவாம். தமிழில் 'பொறுமை' என நாம் பெயர்க்கும் இவ்வரபுச் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டிவைத்தல் என்பதாகும். இவ்வேரிலிருந்து பிறந்த சொற்கள் அல்குர்ஆனில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகின்றன. அதன் இரண்டாம் அத்தியாயத்தில் பொறுமையும் தொழுகையும் இணைத்துக் கூறப்பட்டு, அவ்விரண்டின் மூலமும் உதவி தேடுமாறு நம்பிக்கையாளர் பணிக்கப்படுகின்றனர். ஈண்டுப் பொறுமை ஒரு மனநிலையாக மாத்திரம் கொள்ளப்படவில்லை. தொழுகையைப் போல நேரமும் முறையும் கொண்டு பயிலப்படும் ஒரு செயலாகவும் கொள்ளப்பட்டது.

அழுகையையும் முறையீட்டையும் இம்மரபு பொறுமைக்குப் புறம்பானவையாகத் தள்ளிவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 'அழகிய பொறுமை'க்கு எடுத்துக்காட்டாக விளங்கும் யஃகூப் நபி மகனைப் பிரிந்த துயரத்தாற் கண்பார்வை இழந்தவர். ஐயூப் நபி தம் துன்பத்தை இறைவனிடமே முறையிட்டவர். நபிகள் நாயகம் தம் குழந்தை இப்றாஹீம் மடிந்தபோது கண்ணீர் வடித்தார் என்பதும், அக்கண்ணீரைக் கருணையின் அடையாளமாக விளக்கினார் என்பதும் ஹதீஸ் தொகுப்புகளிற் காணப்படும் செய்திகளாகும். பிற்கால ஆறுதல் நூலாசிரியர்கள் இச்செய்தியைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டனர். துயருறும் உரிமையை மறுக்காமலே துயரத்துக்கு எல்லை வகுப்பது இம்மரபின் அடிப்படையாகும்.

கொள்ளைநோயைப் பொறுத்தவரை இன்னொரு முன்னோடி நிகழ்ச்சியும் உண்டு. கி.பி. 639ஆம் ஆண்டளவில் சிரியாவில் 'அம்வாஸ் கொள்ளைநோய்' பரவியபோது, அங்கு சென்றுகொண்டிருந்த கலீபா உமர் வழியிலேயே திரும்பிவிட முடிவுசெய்தார். இறைவனின் விதியிலிருந்து தப்பியோடுவதா என்று படைத்தலைவர் அபூ உபைதா வினவினார். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எங்கு மேய்த்தாலும் அதுவும் விதியின்படியே என்னும் கருத்துப்பட உமர் விடையளித்தார். விதியை நம்புவதும் வழியைத் தெரிவதும் முரண்படா என்பதே இவ்விடையின் சாரம். அபூ உபைதா படையினரோடு தங்கியிருந்து அந்நோயிலேயே இறந்தார். பின்னர் தலைமை ஏற்ற அம்ர் இப்னுல் ஆஸ் மக்களை மலைப்பகுதிகளுக்குக் கலைந்து செல்லுமாறு பணித்தார். தங்குதல், திரும்புதல், கலைதல் ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் காட்டக்கூடிய ஒரு மரபை ஒற்றைக் குரலில் விதிவாதம் பேசியதாகக் கொள்வது பொருந்தாது.

3

இம்மரபு நடைமுறையில் எவ்வாறு வாழப்பட்டது என்பதற்குத் தஞ்சீரில் பிறந்த பயணி இப்னு பதூதா சிறந்த சாட்சியாவார். அவர் நம் நாட்டவருக்குப் புதியவரல்லர். 1344ஆம் ஆண்டளவில் மாலைதீவிலிருந்து புத்தளத்தில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவா ஆதம் மலைக்குச் சென்று திரும்பியவர் அவர். அங்கிருந்து மஃபர் எனப்பட்ட தமிழ்நாட்டுக் கரைக்குக் கடந்து, மதுரைச் சுல்தானின் நாட்டை அடைந்தார்.

மதுரையில் அவர் கண்டது ஒரு கொடிய தொற்றுநோய். பீடிக்கப்பட்டோர் மறுநாளிலோ அதற்கடுத்த நாளிலோ, மிஞ்சினால் நான்காம் நாளிலோ மடிந்தனர் என்று அவர் கூறுகின்றார். ஒருநாள் வறுமையுற்ற கைம்பெண்ணொருத்தி எட்டு வயது மகனோடு வந்து உதவி கேட்டதாகவும், இருவரும் அப்பொழுது நலமாகவே இருந்ததாகவும், மறுநாள் அவளே வந்து மகனுக்குக் கபன் துணி கேட்டதாகவும் அவர் குறிப்பிடுகின்றார். சுல்தானின் தாயும் மகனும் இறந்தனர், சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவும் கடுங்காய்ச்சலுற்று, அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து உயிர்தப்பினார். தமக்கு அவ்வெண்ணத்தைத் தந்தவன் இறைவனே என அவர் எழுதுகின்றார். மருந்து உட்கொண்டமைக்கும் இறைவனுக்கு நன்றி கூறியமைக்கும் இடையில் அவர் எவ்வித முரண்பாட்டையும் காணவில்லை. மதுரை நோயைப் பின்னர் மேற்காசியாவிற் பரவிய நோயுடன் ஒன்றெனக் கொள்ளப் போதிய சான்றில்லை. எனினும் இழப்பை ஒரு சமூகம் எதிர்கொள்ளும் முறையைக் காண இக்குறிப்பு உதவுகின்றது.

நான்கு ஆண்டுகளின் பின், 1348 ஜூலையில், அவர் டமஸ்கஸ் நகரில் இருந்தார். அந்நகரில் முன்னர் தாம் மணந்த பெண்ணிடம் பிறந்த மகன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டான் என்பதையும், தஞ்சீரில் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் காலமானார் என்பதையும் அங்குதான் அறிந்தார். இத்தகைய நிலையில் அவர் கண்ட ஒரு நிகழ்ச்சி இங்கு விரிவாக நோக்கற்பாலது.

நகர ஆளுநர் மூன்று நாள் நோன்பு நோற்குமாறும், அந்நாட்களிற் கடைத்தெருவில் சமைத்த உணவு விற்கலாகாது எனவும் கட்டளையிட்டார். நோன்பு முடிந்த இரவில் அமீர்கள், காழிகள், மார்க்க அறிஞர்கள், பொதுமக்கள் எனச் சகல தரத்தாரும் உமையாப் பெரிய பள்ளிவாசலில் நிறைந்து, தொழுகையிலும் துஆவிலும் இரவைக் கழித்தனர். வைகறைத் தொழுகையின் பின் குர்ஆன் பிரதிகளை ஏந்தியவாறு யாவரும் வெறுங்காலுடன் நகருக்கு வெளியே நடந்தனர். யூதர் தம் தோராவோடும், கிறிஸ்தவர் தம் சுவிசேஷத்தோடும், பெண்களும் சிறுவர்களும் உடன்வர, எல்லோரும் 'பாதச்சுவட்டுப் பள்ளிவாசல்' நோக்கிச் சென்று நண்பகல் வரை இறைஞ்சினர். அக்காலத்தில் டமஸ்கஸில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கதீரும் இந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். சமாரியரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பது அவர் தரும் கூடுதற் செய்தி.

இப்னு பதூதாவின் பயணநூல் 1350களின் நடுப்பகுதியிற் பிறரைக் கொண்டு எழுதுவிக்கப்பட்டது என்பதையும், அவர் தரும் எண்ணிக்கைகள் நம்பத்தக்கன அல்ல என்பதையும் ஆய்வாளர் அறிவர். எனினும் இரு சாட்சிகள் உடன்படும் இந்நிகழ்ச்சியின் சமூகப் பொருள் தெளிவானது. மரணம் மதப் பிரிவையும் படிநிலையையும் பாராது வந்தபோது, துயரமும் அவ்வாறே பகிரப்பட்டது. அமீர் செருப்பைக் கழற்றினார். சிறுபான்மையோர் தம் வேதத்தைத் தாமே ஏந்தினர். படிநிலைகள் அன்று மறைந்துவிடவில்லை. மறுநாள் அவை மீண்டும் நிலைபெற்றிருக்கும். ஆயினும் ஆறுதல் என்பது அன்று பலர் கூடி நடந்து உருவாக்கிய ஒன்றாக இருந்தது.

அடுத்த ஆண்டு மொறோக்கோவுக்குத் திரும்பும் வழியில், தம் தாயும் கொள்ளைநோயால் இறந்த செய்தியை இப்னு பதூதா பெற்றார். தஞ்சீருக்குச் சென்று அவரது கபுறைச் சியாரத்துச் செய்தார்.

4

கூட்டுத் தொழுகை ஒருபுறமாக, ஆறுதலைத் தொழிலாகவும் பொருளாதார நிகழ்ச்சியாகவும் காட்டும் சான்றுகளும் உள. கெய்ரோவில் கபன் துணிக்கும் மையித்தைச் சுமக்கும் சந்தூக்குக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதையும், கதவுகளிலும் பலகைகளிலும் உடல்கள் சுமக்கப்பட்டதையும், பலர் தம் வழக்கமான தொழிலைக் கைவிட்டு ஜனாஸாக்களின் முன்னே ஓதுவதைத் தொழிலாகக் கொண்டதையும் வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி (1364–1442) விவரித்துள்ளார். கழுவுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை நடத்துதல், அடக்குதல் ஆகிய கடமைகள் இஸ்லாமியச் சட்டத்தில் சமூகத்தின் கூட்டுக் கடமையாக, 'பர்ளு கிபாயா'வாக, வகுக்கப்பட்டவை. சிலர் அதனை நிறைவேற்றினால் மற்றையோர் பொறுப்பிலிருந்து நீங்குவர். எவரும் நிறைவேற்றாவிடில் யாவரும் குற்றவாளிகள். ஆறுதலின் புறநிலை அடித்தளம் இதுவேயாகும். தன் பிள்ளையின் உடல் தெருவிற் கிடக்காது என்ற உறுதி இல்லாத இடத்தில் பொறுமையைப் போதிப்பதற்கு எவருக்கும் தகுதியில்லை.

நோயுற்ற ஊரைவிட்டு ஓடலாகாது என்னும் விதிக்கு இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தந்த விளக்கமும் இதனோடு இயைகின்றது. நலமுள்ளோர் யாவரும் வெளியேறினால் நோயாளருக்கு நீர் கொடுக்கவும் ஆளிருக்காது என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. விதியைப் பற்றிய இறையியற் கேள்விக்கு இங்கே பராமரிப்பைப் பற்றிய சமூக விடை கிடைக்கின்றது.

இச்சூழலிலேயே பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான ஆறுதல் நூல்கள் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்தன. கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அபீ ஹஜலா தம் மகனைப் பறிகொடுத்த பின் பிள்ளைகளின் மரணத்தால் துயருற்றோருக்கென நூல் இயற்றினார். அவரும் 1375இல் கொள்ளைநோயாலேயே இறந்தார். சிரியாவைச் சேர்ந்த அல் மன்பிஜியின் நூல் பிள்ளைகளையும் உறவினரையும் இழந்தோருக்குரியது. அல் சகாவி, அல் சுயூத்தி முதலிய பிற்காலத்து அறிஞரும் இப்பொருளில் எழுதினர். இறந்த குழந்தை மறுமையில் பெற்றோரை முந்திச் சென்று காத்திருக்கும் என்னும் ஹதீஸ் கருத்தே இந்நூல்களின் மையமாகும்.

இந்நூல்களைச் சமூக வரலாற்று நோக்கில் அணுகும்போது ஓர் உண்மை புலனாகின்றது. குழந்தை இறப்பு மிகுந்த பழைய சமூகங்களிற் பெற்றோர் குழந்தைகள்மீது ஆழ்ந்த பற்று வைக்கவில்லை என்றொரு கருத்து ஐரோப்பிய வரலாற்றியலில் ஒரு காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. இத்தனை ஆறுதல் நூல்கள் ஏன் தேவைப்பட்டன என்ற வினாவுக்கு அக்கருத்தினால் விடை கூற இயலாது. பொறுமையைப் பற்றி ஒரு சமூகம் இடைவிடாது எழுதியது என்றால், பொறுக்க இயலாத துயரம் அங்கு இடைவிடாது இருந்தது என்பதே பொருள்.

5

பொறுமையின் பொருள் யாவரிடத்தும் ஒன்றாக இருக்கவில்லை. அது அறிஞரிடையேயும், அறிஞருக்கும் அதிகாரத்துக்குமிடையேயும் விவாதத்துக்குரியதாக விளங்கியது. இதற்கு இப்னு ஹஜர் அல் அஸ்கலானியின் (1372–1449) வாழ்வும் நூலும் தக்க சான்றாகும். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞராகவும், ஸஹீஹுல் புகாரிக்குப் பேருரை கண்டவராகவும் அவர் நம் அறபு மதரசாக்களில் நன்கு அறியப்பட்டவர். ஹிஜ்ரி 819 (கி.பி. 1416) கொள்ளைநோயில் அவருடைய புதல்வியர் இருவர், பாத்திமாவும் ஆலியாவும், மடிந்தனர். அவ்வாண்டிலேயே அவர் கொள்ளைநோய் பற்றிய தமது நூலைத் தொடங்கினார். ஹிஜ்ரி 833 (கி.பி. 1430) கொள்ளைநோயில் கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனும் இறந்தார். நூல் அவ்வாண்டில் நிறைவுற்றது.

மூன்று புதல்வியரை இழந்த தந்தை எழுதிய இந்நூல் மரபுநிலைக்குக் கட்டுப்பட்டதே. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதை அவர் ஏற்கவில்லை. ஜின்களின் தாக்குதலே காரணம் எனக் கொண்டார். அந்நோயால் இறப்போர் ஷஹீத் என்னும் தியாகி நிலையை அடைவர் என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்தினார். ஆயினும் அதே நூலில் அவர் கண்கூடான ஒரு செய்தியையும் மறைக்காமற் பதிவுசெய்தார். 833இல் நோய் தொடங்கியபோது கெய்ரோவில் நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றுப் பாலைவெளியில் ஒன்றுகூடிப் பிரார்த்தித்துத் திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாள்தோறும் இறந்தோர் ஆயிரத்தைத் தாண்டினர். இத்தகைய பெருங்கூட்டத்துக்கு மார்க்கத்தில் முன்மாதிரி இல்லை என்பது அவரது முடிபு. பிரார்த்தனையை அவர் கைவிடவில்லை. தனித்தனியே இறைஞ்சுதல், நோயாளரைப் பராமரித்தல், இறப்புக்கு ஆயத்தமாதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். நம்பிக்கைக்குள் நின்றவாறே நம்பிக்கையின் ஒரு நடைமுறையை அனுபவத்தின்பாற் சோதித்தமை இங்குக் கவனிக்கத்தக்கது.

கிரனாடா நாட்டு அமைச்சரும் வைத்தியருமான இப்னுல் கதீப் (மறைவு 1374) இதனினும் ஒரு படி மேலே சென்றார். தொற்று உண்டு என்பது அனுபவத்தாலும் புலன்களாலும் நிறுவப்பட்டது, அதற்கு முரணான மூலச்சான்று வேறு பொருள் கொள்ளப்பட வேண்டும் என அவர் வாதிட்டார். விதிவாதம் என்று பொதுப்படக் கூறப்படும் காலத்தில் இத்தகைய குரலும் ஒலித்தது.

சமய உணர்வு அதிகாரத்தின் கையில் வேறுவிதமாகவும் பயன்பட்டது. 1438இல் கெய்ரோவில் நோய் மீண்டும் பரவியபோது, அதற்குக் காரணமான பாவம் யாதென சுல்தான் பர்ஸ்பாய் அறிஞரை வினவினார். பெண்கள் தெருக்களில் நடமாடுவதே காரணம் எனச் சிலர் கூற, பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறுவது தடைசெய்யப்பட்டது. கைத்தொழில் செய்து பிழைத்த பெண்களும், ஆணில்லா வீடுகளின் கைம்பெண்களும் பட்டினியால் வாடினர், வணிகரும் நட்டமடைந்தனர். பெண்களின் மையித்தைக் கழுவும் பெண்களுக்கு மாத்திரம் அனுமதிச் சீட்டு வழங்கவேண்டியதாயிற்று. அதாவது, துன்பத்தின் பழியை வலிமையற்றோர்மீது சுமத்திய அதே அரசு, அவர்களது உழைப்பின்றி இறந்தோரை அடக்கவும் இயலாதிருந்தது. இத்தடையின் விளைவுகளை அல் மக்ரீஸி கண்டனத் தொனியில் எழுதியுள்ளார்.

1348இல் டமஸ்கஸ் ஆளுநர் தாமும் மக்களோடு நடந்தார். 1438இல் கெய்ரோச் சுல்தான் மக்களுள் ஒரு பகுதியினரைச் சுட்டினார். இரண்டும் இறைவனின் பெயராலேயே நடந்தன. எனவே நம்பிக்கை ஆறுதலளிக்கிறதா, அடக்குகிறதா என்று பொதுப்பட வினவுவதிற் பயனில்லை. யார் யாரைப் பொறுக்கச் சொல்கின்றார், சொல்பவர் எதனைத் தாமும் சுமக்கின்றார் என்பவையே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாக்களாகும்.

6

இவ்வினாக்கள் பழங்காலத்துக்கு மாத்திரம் உரியவை அல்ல. கொவிட் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் இறுதி முதல் இலங்கையில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டன. ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்கள் தடைசெய்யவில்லை. எனினும் கழுவுதலும் கபனும் அடக்கமும் மறுக்கப்பட்டன. அடிப்படை உரிமை மனுக்கள் 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விசாரணைக்கு எடுக்கப்படாமல் நிராகரிக்கப்பட்டன. அம்மாதத்திலேயே இருபது நாட் குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் இசைவின்றித் தகனம் செய்யப்பட்டது.

அப்பொழுது நிகழ்ந்தது யாது? பல குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. பொரளை மயானத்தின் வேலியில் கபனின் அடையாளமாக வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. பிற சமயத்தாரும் வந்து கட்டினர். அதிகாரிகள் அவற்றை அகற்றியபின் வீடுகளின் வாயில்களிலும் வெள்ளைத் துணிகள் தோன்றின. 2021 பெப்ரவரி இறுதியிற் புதிய வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதியளித்தது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட மையவாடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். அவர்களுட் பிற மதத்தினரும் அடங்குவர். 2024 ஜூலையில் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டோரின் உறவினருக்கு அது திருப்பித் தரக்கூடியது எதுவுமில்லை.

அந்நாட்களில் 'சப்ர் செய்யுங்கள்' என்ற சொல் முஸ்லிம் வீடுகளில் அடிக்கடி ஒலித்தது. துயருற்ற தாய்க்கு அயலவள் அதனைக் கூறியபோது அது தோளிற் கைவைப்பதற்கு ஒப்பானது. அநீதியைக் கேள்விக்குட்படுத்த வேண்டாம் என்ற பொருளில் எவரேனும் கூறியிருப்பின் அது பர்ஸ்பாயின் மரபைச் சார்ந்ததாகும். வேலியில் துணி கட்டியோர் முதலாவது பொருளையே கைக்கொண்டனர். அவர்கள் வன்முறையை நாடவில்லை, வாளாவிருக்கவுமில்லை. தடுத்து நிறுத்துதல் என்னும் வேர்ப்பொருளின்படி, வெஞ்சினத்தையும் நம்பிக்கையிழப்பையும் தடுத்து, கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டேயிருந்தனர்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, இஸ்லாமிய மரபில் பொறுமையும் தொழுகையும் உள்ளத்து உணர்வோடு அமையாது, கழுவுதல், கபனிடுதல், உடனிருத்தல், கூடி இறைஞ்சுதல் ஆகிய சமூகச் செயல்களிலேயே நிலைபெற்றன. இரண்டாவது, அம்மரபு துயரத்தை மறுக்கவில்லை. மூன்று புதல்வியரை இழந்த அறிஞரின் நூலும் அதற்குச் சான்று. மூன்றாவது, அதன் பொருள் வரலாறு முழுவதும் போட்டிக்குரியதாகவே இருந்தது. வலியோர் அதனைப் பழிசுமத்தவும் பயன்படுத்தினர். எளியோர் அதனைக் கொண்டே நிமிர்ந்தும் நின்றனர்.

முற்போக்குச் சிந்தனையாளர் சமயப் பொறுமையை மயக்கம் என ஒதுக்கிவிடின், துன்புற்ற மக்கள் எவ்வாறு தளராது நின்றனர் என்னும் வரலாற்றின் ஒரு பெரும் பகுதியை இழந்துவிடுவர். சமயவாதிகள் அதனைப் பணிவு என மாத்திரம் போதிப்பின், தம் மரபின் செழுமையான பகுதியைத் தாமே கைவிடுவர். மதுரையில் மகனுக்குக் கபன் துணி கேட்டு வந்த அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவள் கேட்டது மிகச் சிறிது; அது கிடைக்கும் சமூகத்திலேயே ஆறுதல் என்ற சொல்லுக்குப் பொருளுண்டு.